ஏலம் போகாத பெட்டி

காரைக்குடி,
20.1.2025, திங்கள்.

அனிதாவுக்கு மதினி லூசியா எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டுமாம். நலமாக இருக்கிற வீட்டில் போனை எடுப்பார்கள். பதினோரு தடவை போட்டேன். பத்துத் தடவை மணி அடித்து ஓய்ந்தது. பதினோராவது தடவை உன் வீட்டுக்காரன் எடுத்து, "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டான். ஐந்து வயது வரைக்கும் என் தம்பி ஞானசேகருக்கு மூக்குச் சிந்திவிட்டது இந்தக் கைதான். இந்தக் கை போட்டால் அவனுக்கு ராங் நம்பராம்!

உன் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த நாளிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே போன். அதுவும் அவன் சட்டைப்பையில். அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். சொக்கு தினமும் உங்கள் தக்காளியை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, வெறும் பெட்டிகளோடு எங்கள் தெரு வழியாகத்தானே மானகிரிக்கு வண்டியைத் திருப்புகிறான்? மேல் பெட்டியில் இதைச் செருகச் சொல்லியிருக்கிறேன். வழியில் பிரித்துப் படித்துவிடுவான் என்று சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, கோழி கிளறினது மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொள்.

சரி, நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? வெள்ளிக்கிழமை அந்தோணியார் திருவிழாவில் காணிக்கைப் பொருளெல்லாம் கோயில் படிக்கட்டில் ஏலம் போகிறது. ஏலம் கூப்பிடுகிற ஜெரால்டு உங்கள் பெட்டியிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து எல்லாருக்கும் காட்டுகிறான். கை நழுவிக் கீழே விழுகிறது. விழுந்த தக்காளி நசுங்கவும் இல்லை, கீறவும் இல்லை. நாலு படி குதித்து இறங்கி என் காலடியில் வந்து நிற்கிறது. என் வாய் சும்மா இருக்குமா? "ஏப்பா ஜெரால்டு, இது தக்காளி இல்லப்பா, பந்து! பிள்ளைக கையில குடு, விளையாடட்டும்!" என்றேன். ஊரே சிரித்தது. பாதர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். நீயும் சிரித்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி பஸ்ஸுக்கு ஓடிவந்துவிட்டேன்.

மொட்டைமாடியில் என் பதினாலு பெயின்ட் வாளியும் காய்த்துத் தள்ளுகிறது. பழத்தைக் கையில் எடுத்தாலே தோல் கிழிந்துவிடும், அவ்வளவு மெல்லிசு. ரசத்தில் போட்டால் கரைந்து காணாமல் போகும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள். அந்த ரசத்தைக் குடித்தால் அவனுக்கு என் நம்பர் ஞாபகம் வந்துவிடும்.

லூசியா


மானகிரி,
22.1.2025.

மதினிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் சிரிக்கவில்லை.

நீங்கள் ஒரு மணி பஸ்ஸுக்குப் போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஜெரால்டு அண்ணன் எங்கள் பெட்டியை மூன்று முறை கூப்பிட்டார். ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்த ஒன்றிரண்டு பேரும் பக்கத்தில் இருந்தவர் "பந்து வாங்கப் போறியா?" என்றதும் அடங்கிவிட்டார்கள். ஒரு கட்டு முருங்கைக்கீரை ஏலம் போனது. சொட்டை விழுந்த தேங்காய் போனது. நீங்கள் தட்டில் வைத்த உங்கள் மாடித் தக்காளி ஐந்துக்கு அடிபிடி. எங்கள் பெட்டி மட்டும் படிக்கட்டில் கிடந்தது. சாயங்காலம் சப்பரம் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பியபோதும் அங்கேயே கிடந்தது.

அது எங்கள் வயலின் முதல் காய்ப்பு. போன வருஷம் இலைச்சுருட்டை வந்து ஒரு ஏக்கரும் போனதே, அதற்குப் பிறகு நேர்ந்துகொண்டது. பதினைந்து கிலோவையும் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். செங்காயாகப் பார்த்துப் பறித்தேன், திருவிழா வெயிலில் வாடக்கூடாது என்று.

நேர்ந்து கொடுத்ததை விற்கக்கூடாது, சமைக்கக்கூடாது, தூக்கிப் போடக்கூடாது. யாராவது ஏலத்தில் எடுத்தால்தான் அந்தோணியார் வாங்கிக்கொண்டார் என்று கணக்கு. நீங்கள் பிறந்து வளர்ந்த ஊர், உங்களுக்குத் தெரியாதா? பாதர் அடுத்த பூசைக்கு இங்கே வருவது பிப்ரவரி இரண்டாம் தேதி. "அதுவரைக்கும் வீட்டுல வச்சிருந்து கொண்டாங்கம்மா" என்றார். இருட்டுகிற நேரத்தில் அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தேன். உங்கள் தம்பி முன்னால் நடந்தார். திரும்பியே பார்க்கவில்லை.

தோல் தடிப்பு என்கிறீர்கள். உங்கள் பழம் மாடியிலிருந்து அடுப்படிக்கு எத்தனை படி இறங்க வேண்டும்? பதினாறு. என் பழம் வயலிலிருந்து வரப்பு, வரப்பிலிருந்து வண்டி, வண்டியில் பெட்டிமேல் பெட்டியாக ஐந்து அடுக்கு, சொக்கு ஓட்டுகிற ஓட்டு, மார்க்கெட்டில் இறக்கும்போது எறிகிற எறி, அதற்குப் பிறகு யாரோ கடையில் இரண்டு நாள். மெல்லிசுத் தோல் வைத்தால் காரைக்குடிக்குத் தக்காளி போகாது, சாறுதான் போகும்.

ரசத்துக்கு வரவில்லை.

மரிய அனிதா


காரைக்குடி,
23.1.2025.

அம்மாடி அனிதா,

இவ்வளவு நடந்ததா? எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய என் தம்பிதான் ராங் நம்பர் ஆகிவிட்டானே.

இதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. வழி இருக்கிறது. அந்தப் பெட்டியை அப்படியே சொக்கு வண்டியில் ஏற்றி இங்கே அனுப்பு. நானே எடுத்துக்கொள்கிறேன். காசைக் கவரில் போட்டு அவனிடமே கொடுத்துவிடுகிறேன், நீ உண்டியலில் போட்டுவிடு. அந்தோணியார் என்ன ரசீதா கேட்கப் போகிறார்? பெட்டி போன மாதிரியும் ஆச்சு, நான் வாங்கின மாதிரியும் ஆச்சு. தெருவில் பிள்ளைகள் மட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

கோபப்படாதே, சும்மா சொன்னேன். வாய் அப்படியே பழகிவிட்டது.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? அணில் தொல்லை. நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து ஒரு கடி, அடுத்ததில் ஒரு கடி. முழுசாகத் தின்றாலும் மனசு ஆறும். இரண்டு வாளியில் பூ எல்லாம் உதிர்ந்துவிட்டது. அரிசி கழுவின தண்ணீர், முட்டை ஓடு, புளித்த மோர், எல்லாம் ஊற்றிப் பார்த்தேன். நான் பழையது குடிக்கிறேன், அது மோர் குடிக்கிறது, காய் மட்டும் காணோம்.

பெட்டியை அனுப்பு.

லூசியா


மானகிரி,
26.1.2025, ஞாயிறு.

மதினிக்கு,

பெட்டியை அனுப்ப மாட்டேன்.

வீட்டுக்கு வீடு கைமாற்ற அது அண்டா குண்டா இல்லை. கோயில் படிக்கட்டில் வைத்து, நாலு பேர் நடுவில் கூப்பிட்டு, நாலு பேர் கேட்டு எடுக்க வேண்டும். நாலு பேர் நடுவில்தானே அதைச் சிரிப்பாக்கினீர்கள்? கவரில் காசு போட்டு மறைவாக முடித்துக்கொள்வதற்கு நான் ஒன்றும் திருட்டுப் பொருளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

இரண்டு வாளியில் பூ உதிர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு வயலில் நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருந்தால் பிடித்திருக்காது. எனக்கு ஆறாயிரம் செடி. நீங்கள் காலையில் காப்பி டம்ளரோடு ஒவ்வொரு வாளியாகப் பார்த்து, புழுவைக் கையால் எடுத்துப் போடுகிறீர்கள். நான் ஆறாயிரம் செடியிலும் எப்போது எடுத்து முடிப்பேன்? மருந்து அடித்தால் விஷம் வைக்கிறோம் என்பீர்கள், போன பொங்கலுக்குச் சொன்னீர்களே. அடிக்காமல் விட்ட வருஷம் என்ன ஆனது என்று மட்டும் கேட்கமாட்டீர்கள். வெள்ளை ஈ உட்கார்ந்த நாலாம் நாள் வயல் முழுக்க இலை சுருண்டு கிடந்தது. உங்களுக்கு ஒரு செடி செத்தால் ஒரு வாளி காலி. எங்களுக்கு ஒரு செடிக்கு வந்தால் ஒரு வயல்.

மார்க்கெட்டுக்குப் போனால் இப்போது எங்கள் தக்காளிக்கு ஒரு பேர் இருக்கிறது. கமிஷன் கடையில் சொக்கு வண்டி நின்றதும், "பந்து வந்திருச்சுப்பா" என்கிறார்கள். திருவிழாவுக்கு வந்த யாரோ கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். விலையும் இறங்கிவிட்டது, அது ஊருக்கே இறங்கியிருக்கிறது, அதற்கு உங்களைச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தம்பிக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. "அந்தோணியாரே வேணாம்னு திருப்பி விட்டத எவன் வாங்குவான்?" என்று உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாய்ச்சுவதுகூட நானும் கூலிக்கு வருகிற காளியாயியும்தான். நேற்றுச் சொன்னார்: "ரெண்டாந்தேதியும் ஏலம் போகலைன்னா, திங்கக்கிழமை டிராக்டர விட்டு மொத்தத்தையும் மடக்கி உழுதுருவேன்." சொன்னால் செய்கிற ஆள். இன்னும் மூன்று பறிப்பு இருக்கிறது வயலில்.

பெட்டி வாசல் கதவுக்குப் பின்னால் நிழலில் இருக்கிறது. தினமும் காலையில் ஒவ்வொரு பழமாகப் புரட்டி வைக்கிறேன். நேற்று இரண்டு தொட்டால் அமுங்கியது. எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே புதைத்தேன். எறியவில்லை. புதைத்தேன். இன்னும் ஏழு நாள் தாங்க வேண்டும்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் தேதி நீங்கள் வர வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தாலே ஊர் சிரிக்க ஆரம்பித்துவிடும்.

அனிதா


காரைக்குடி,
29.1.2025, புதன்.

அனிதா,

உன் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் வேடிக்கையாக வந்தது. கிழித்துப் போட்டேன். மூன்று தாள் போனது.

நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். எங்கள் கீழ் வீட்டில் குடியிருந்த சத்தியப்பிரியா இப்போது அரியக்குடியில் இருக்கிறாள். பிள்ளைக்குக் காது குத்து. "அக்கா, மாடித் தோட்டத்துத் தக்காளி மூணு கிலோ தாங்க, விருந்துல உங்க ரசந்தான்" என்றாள். நானும், "மூணு என்னடி, அஞ்சு தாரேன்" என்றேன். இந்த வாய் இருக்கிறதே.

திங்கட்கிழமை காலையில் பதினாலு வாளியையும் மொட்டையடித்தேன். அணில் கடித்தது, பழுக்காதது எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தால் ஒண்ணே முக்கால் கிலோ. துணிப்பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் ஒரு அம்மாள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரியக்குடியில் இறங்கினால் பையின் அடியிலிருந்து புடவையெல்லாம் சிவப்பாக ஒழுகுகிறது. பார்த்தவர்கள், "என்னக்கா, அடிபட்டுருச்சா?" என்று ஓடி வந்தார்கள். அடிபட்டது உண்மைதான். பத்து நிமிஷ ஆட்டோ, அதையே என் தக்காளி தாங்கவில்லை. நீ எழுதின ஐந்து அடுக்குப் பெட்டி அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது.

விருந்துக்கு என்ன செய்ய? அங்கேயே தெருமுனைக் கடைக்கு ஓடினேன். கடைக்காரி இரண்டு கூடையைக் காட்டி, "எது வேணும்? நாட்டுத் தக்காளியா, பந்தா?" என்றாள்.

அவளுக்கு என்னை யார் என்றே தெரியாது. சிரிக்கக்கூட இல்லை. கத்தரிக்காய், வெண்டைக்காய் என்கிற மாதிரிச் சொன்னாள். என் வாயிலிருந்து வந்த சொல், என்னைவிட்டு எங்கெங்கோ போய், முகம் தெரியாத ஒருத்தி கூடையில் உட்கார்ந்திருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பந்திலேயே மூன்று கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். ரசம் நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும், "மாடித் தோட்டத்துத் தக்காளின்னா தனி ருசிதான்" என்று குடித்தார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். அதுவும் எனக்கு எரிச்சல்.

அந்த மூன்று கிலோவில் ஒரு பழத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் தப்பிப் பிழைத்த என் பழம் ஒன்று. என்னுடையது இரண்டாம் நாளே எறும்புக்குப் போனது. உன்னுடையது மாமியார் மாதிரி என்னை முறைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வாயைத் திறக்க மாட்டேன்.

லூசியா


மானகிரி,
31.1.2025.

மதினி,

வேண்டாம். நீங்கள் வாயைத் திறக்காமல் நின்றால் அதற்கும் சிரிப்பார்கள்.

இன்று நாலு பழம் புதைத்தேன். அடிவரிசையில் இருந்தவை. பெட்டி முன் இருந்த அளவுக்கு மேடாக இல்லை, மேலே இரண்டு விரல் குறைந்துவிட்டது. மற்றவை கல் மாதிரி இருக்கின்றன. நன்றாகச் சிவந்துவிட்டன. இரண்டு நாள் தாங்கும் என்று நினைக்கிறேன். உங்கள் தம்பி டிராக்டருக்குச் சொல்லிவிட்டார்.

அனிதா


மானகிரி,
3.2.2025, திங்கள்.

மதினிக்கு,

வர வேண்டாம் என்று இரண்டு தடவை எழுதினேன். வந்துவிட்டீர்கள்.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே போனார்கள். நான் போகவில்லை. கோயிலுக்குள்ளே தூணுக்குப் பின்னால் முழங்காலில் இருந்தேன். உங்கள் தம்பிதான் பெட்டியைக் கொண்டுபோய்ப் படியில் வைத்தார். வெளியே நடந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டேன்.

ஜெரால்டு அண்ணன் கூப்பிட்டார். சத்தமே இல்லை. அப்புறம் யாரோ ஒருத்தர், "பந்து" என்று கிசுகிசுத்தது உள்ளே வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு உங்கள் குரல். "நூறு."

கொல்லென்று சிரித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

"நூறு ஒரு தரம்," என்றார் ஜெரால்டு அண்ணன்.

"நூத்தம்பது," என்றீர்கள்.

"அக்கா, நூறு கேட்டதே நீங்கதான். உங்க மேலயே நீங்க கேக்குறீக."

"கேக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா? கூப்பிடுப்பா நீயி."

திரும்பவும் சிரித்தார்கள். இருநூறு என்றீர்கள். இருநூற்றைம்பது என்றீர்கள். ஒவ்வொரு தடவையும் சிரிப்பு இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்தது. நானூறு என்றபோது உங்கள் குரல் கம்மியிருந்தது. அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. காக்கைச் சத்தம் கேட்டது.

அப்போதுதான் பக்கத்து வயல் பெத்தன் மாமாவின் குரல். சப்பரத்துக்குத் தோள் கொடுக்க வருகிறவர், கோயில் ஏலத்தில் இதுவரைக்கும் வாய் திறந்ததில்லை. "அந்தம்மா ஒண்டியாக் கத்திக்கிட்டுக் கெடக்கு. எம்பேர்ல ஐந்நூறு போடுங்கப்பா." அதற்குப் பின்னால் இன்னொருவர். இன்னொருவர். நீங்கள் விடவே இல்லை. கடைசியில் எவ்வளவுக்குப் போனது என்று நான் எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

நான் வெளியே வந்தபோது பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். கூப்பிட நினைத்தேன்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். இன்று காலையிலும் கமிஷன் கடையில் பந்து என்றுதான் சொன்னார்களாம், சொக்கு சொன்னான். விலை கிலோ எட்டு ரூபாய். பறிகூலி கொடுத்தால் மிஞ்சுவது என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்று டிராக்டர் வரவில்லை. வர வேண்டாம் என்று உங்கள் தம்பியே சொல்லி அனுப்பினார்.

உங்கள் மேலேயே நீங்கள் ஏன் கேட்டீர்கள்? அது மட்டும் எனக்குப் புரியவில்லை.

அனிதா


காரைக்குடி,
5.2.2025, புதன்.

அனிதா,

நூறோடு நிறுத்தியிருந்தால் அதுவும் லூசியாவின் ஒரு வேடிக்கை என்று போயிருக்கும். எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியும், சிரிப்பை நிறுத்தத் தெரியாது. அவர்களாகக் களைத்துப்போய் நிறுத்துகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பது என்று முடிவு பண்ணித்தான் படியேறினேன். நானூறில் எனக்கே பயம் வந்துவிட்டது. பெத்தன் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. பெட்டியை எஞ்சின் பக்கம் வைத்தேன். டிரைவர் போட்ட பிரேக்கில் பெட்டி சாய்ந்து, பழமெல்லாம் பஸ் முழுக்க உருண்டது. ஆளுக்கு நாலு பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒன்றுகூட நசுங்கவில்லை. கண்டக்டர் ஒரு பழத்தைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது..." என்று இழுத்தார். "தக்காளி," என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு கஷ்டம் தெரியுமா எனக்கு!

பதினாறு நாள் உன் வீட்டிலும், ஒரு பஸ்ஸிலும் தாங்கியது. என் பழத்தை நேர்ந்து கொடுத்திருந்தால் அந்தோணியாருக்கு மூன்றாம் நாளே எறும்புதான் போயிருக்கும். அந்தத் தோல் இல்லாவிட்டால் இந்த ஏலமே இல்லை. இதை நான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லாதே.

எல்லாவற்றையும் தொக்காக்கிவிட்டேன். சுண்ட ஒன்றரை மணி நேரம் பிடித்தது. தோல் பல்லில் மாட்டுகிறது, அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள். ஒரு பாட்டில் சொக்குவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஏலத்தில் எடுத்ததுதானே, இனிமேல் நீ தின்னலாம். மாடியில் பதினாலு வாளியிலும் சேர்த்து ஒரே ஒரு பூ இருக்கிறது. அணில் அதைப் பார்த்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் மறுபடி போன் போட்டேன். மூன்றாவது மணியிலேயே எடுத்தான். "நாந்தாண்டா," என்றேன். "ராங் நம்பர்," என்றான்.

ஆனால் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவனுக்குப் பின்னால் வயலில் மோட்டார் ஓடித் தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

லூசியா